பிரெஞ்சு டிஃபென்ஸ்: கறுப்புக் காய்களுக்கு ஓர் உறுதியான ஓப்பனிங் – முழுமையான வழிகாட்டி

செஸ் விதிகளைக் கற்றுக்கொண்டு போட்டிகளுக்குப் போகத் தொடங்கியவர்கள் முதலில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எதிராளி ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் கறுப்பில் என்ன ஆடுவது? பதிலுக்கு இ5 ஆடினால் இத்தாலியன், ஸ்காட்ச், ருய் லோபஸ், கிங்ஸ் கேம்பிட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும். சிசிலியன் ஆடினால் படிக்க வேண்டியது அதைவிட அதிகம்.

மனப்பாடத்தைக் குறைத்து, திட்டத்தை நம்பி ஆட விரும்புபவர்களுக்கு ஏற்றது பிரெஞ்சு டிஃபென்ஸ். இதில் பெரும்பாலான ஆட்டங்கள் ஒரே வகைச் சிப்பாய் அமைப்பில் போய் முடிகின்றன. அந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

1834இல் தொடங்கிய லண்டன்–பாரிஸ் கடிதவழி ஆட்டத்தில் பாரிஸ் அணி இதை ஆடியதால் இந்தப் பெயர் வந்தது. பின்னாளில் போட்வின்னிக், கோர்ச்னாய், ஊல்மன் போன்றோர் இதைத் தங்கள் முக்கிய ஆயுதமாக வைத்திருந்தார்கள்.

இனி வரும் குறிப்புகளில் ஏ முதல் ஹெச் வரை பலகையின் நெடுவரிசைகள்; எண்கள், வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணப்படும் வரிசைகள். காயின் பெயர் சொல்லாத இடத்தில் நகர்வது சிப்பாய்.

## படி 1: முதல் இரண்டு நகர்வுகள்

1. இ4 இ6
2. டி4 டி5

கறுப்பு முதலில் இ6 ஆடி டி5-க்கு ஆதரவு தருகிறது. அடுத்த நகர்விலேயே நடுப்பலகையில் வெள்ளையின் இ4 சிப்பாயைத் தாக்குகிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் அடிக்கடி அடிபடும் எஃப்7 கட்டத்தை நோக்கி வரும் பிஷப்பின் பாதையை இ6 சிப்பாய் அடைத்துவிடுகிறது.

விலையும் உண்டு. சி8-இல் இருக்கும் வெள்ளைக் கட்ட பிஷப், தன் சொந்தச் சிப்பாய்க்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. பிரெஞ்சு ஆடுபவரின் நிரந்தரத் தலைவலி இதுதான். இதற்கான வழியை 6ஆம் படியில் பார்ப்போம்.

## படி 2: சிப்பாய்ச் சங்கிலியைப் படியுங்கள்

வெள்ளை இ5 என்று முன்னேறியதும் ஆட்டம் மூடிக்கொள்ளும். வெள்ளைக்கு டி4, இ5. கறுப்புக்கு இ6, டி5. இரண்டு சங்கிலிகளும் ஒன்றையொன்று முட்டி நிற்கும். வெள்ளைக்கு ராஜா பக்கத்தில் அதிக இடம் கிடைக்கும். உங்களுக்கு ராணி பக்கத்தில் வேலை.

நிம்ஜோவிச் வலியுறுத்திய கொள்கை இங்கே அப்படியே பொருந்தும்: சங்கிலியைத் தாக்க வேண்டுமானால் அதன் அடியைத் தாக்க வேண்டும். அடியோடு சேர்த்துத் தலையையும் தாக்க, இரண்டு நகர்வுகளை மறக்காதீர்கள்.

முதலாவது சி5. இது டி4-ஐத் தாக்கும். பிரெஞ்சில் சி5 ஆடாமல் காலம் கடத்தினால், நெரிசலில் மூச்சுத் திணறித் தோற்பீர்கள்.

இரண்டாவது எஃப்6. இது சங்கிலியின் தலையான இ5-ஐத் தாக்கும். காய்கள் வெளியே வந்து, ராஜாவின் பாதுகாப்பைப் பார்த்த பிறகே இதை ஆட வேண்டும். அவசரப்பட்டால் இ6 பலவீனமாகும். வெள்ளை ராணி ஹெச்5-க்கு வந்து செக் கொடுக்கும்.

## படி 3: அட்வான்ஸ் வேரியேஷன்

உங்கள் அளவிலான போட்டிகளில் அதிகம் எதிர்பார்க்க வேண்டியது 3. இ5. அடுத்த நகர்வுகள்:

3. இ5 சி5
4. சி3 குதிரை சி6
5. குதிரை எஃப்3 ராணி பி6

இப்போது எண்ணிப் பாருங்கள். டி4-ஐ உங்கள் சிப்பாய், குதிரை, ராணி என மூன்று காய்கள் குறிவைக்கின்றன. வெள்ளையின் சிப்பாய், குதிரை, ராணி மூன்றும் அதைக் காக்கின்றன. ராஜா பக்கக் குதிரையை இ7 வழியாக எஃப்5-க்குக் கொண்டுவந்தால் நான்காவது தாக்குதல் சேரும். வெள்ளையின் காய்கள் அந்த ஒரு சிப்பாயைக் காப்பதிலேயே கட்டுண்டு கிடக்கும்.

வெள்ளை 6. ஏ3 ஆடி, அடுத்து பி4 தள்ள நினைத்தால் சி4 ஆடி அடைத்துவிடலாம். பிறகு ஏ5 வழியாக பி3-க்குப் போக உங்கள் குதிரைக்குப் பாதை கிடைக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெள்ளை 6. பிஷப் டி3 ஆடி, 6… சி×டி4 7. சி×டி4 என்று வந்தால், டி4 சிப்பாய் இலவசம் போலத் தெரியும். உடனே குதிரையால் வெட்டாதீர்கள். 7… குதிரை×டி4 8. குதிரை×டி4 ராணி×டி4 9. பிஷப் பி5 செக்! பிஷப் விலகியதால் டி1-இல் உள்ள வெள்ளை ராணியின் பாதை திறந்து, உங்கள் ராணி பறிபோகும். முதலில் 7… பிஷப் டி7 ஆடிவிட்டால் அந்தச் செக் இல்லை. அதன் பிறகு சிப்பாயை வெட்டலாம்.

## படி 4: குதிரை சி3 அல்லது டி2-க்கு வந்தால்

வெள்ளை இ4-ஐக் காக்க 3. குதிரை சி3 ஆடினால், உங்கள் பதில் 3… குதிரை எஃப்6.

4. இ5 வந்ததும் குதிரை டி7-க்குத் திரும்ப வேண்டும். இ4-க்குத் தாவக் கூடாது. பிறகு வழக்கம் போல சி5, குதிரை சி6. பழைய சங்கிலி, பழைய திட்டம்.

4. பிஷப் ஜி5 வந்தால் 4… பிஷப் இ7. வெள்ளை 5. இ5 ஆடினால் குதிரை டி7, 6. பிஷப்×இ7 ராணி×இ7. ஒரு ஜோடி பிஷப் வெளியேறியதால் நெரிசல் குறையும்.

3. குதிரை டி2 என்பது டார்ராஷ். இதற்கும் 3… குதிரை எஃப்6 4. இ5 குதிரை டி7 ஆடி, பிறகு சி5 சிப்பாயைத் தள்ளலாம். கோர்ச்னாய் ஆடியது வேறு வழி: 3… சி5 4. இ×டி5 இ×டி5. 1974 கேண்டிடேட்ஸ் இறுதியில் கார்போவ் இதை உடைக்கப் பலமுறை முயன்றும் ஓர் ஆட்டத்திலும் வெல்ல முடியவில்லை.

## படி 5: எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனுக்குச் சலிக்காதீர்கள்

3. இ×டி5 இ×டி5 என்றதும் ‘டிரா’ என்று கைகொடுக்கத் தோன்றும். உண்மையில் உங்கள் சி8 பிஷப்புக்கு விடுதலை கிடைத்துவிட்டது. எஃப்8 பிஷப்பை டி6-இல் வையுங்கள். குதிரையை எஃப்6-க்குப் பதில் இ7-க்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு பிஷப்பை ஜி4-க்கு அனுப்பலாம். வெள்ளை ஆடுவதையே திருப்பி ஆடாதீர்கள். ஒரு நகர்வு முன்னால் இருப்பது அவர்.

## படி 6: அந்த பிஷப்பை என்ன செய்வது?

வழிகள் மூன்று. ஒன்று, டி7 வழியாக பி5-க்குப் போய் வெள்ளையின் நல்ல பிஷப்போடு மாற்றிக்கொள்வது. இரண்டு, பி6 ஆடி ஏ6-க்குக் கொண்டுவருவது. மூன்று, எஃப்6 ஆடிய பிறகு டி7, இ8 வழியாக ஜி6 அல்லது ஹெச்5-க்குப் போவது. எதுவும் முடியாவிட்டால் அது டி7-இல் இருந்து இ6-ஐக் காக்கட்டும்.

## படி 7: ஹெச்7 பலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்

இ5 சிப்பாய் உங்கள் குதிரையை எஃப்6-இலிருந்து விரட்டிய பின் ராஜா பக்கம் கேஸ்லிங் செய்தால், வெள்ளை பிஷப் ஹெச்7-ஐ வெட்டி, குதிரை ஜி5-க்கு வந்து, ராணி ஹெச்5-க்குப் பாயும் தாக்குதல் வரக்கூடும். வெள்ளை பிஷப் டி3-இலும் குதிரை எஃப்3-இலும் நின்றால், கேஸ்லிங்குக்கு முன் ஒருமுறை கணக்குப் பாருங்கள். பிஷப் இ7-இல் இருந்து ஜி5-ஐக் காப்பது பெரும்பாலும் உதவும்.

## படி 8: பயிற்சி முறை

பலகையில் அட்வான்ஸ் அமைப்பை மட்டும் வைத்து, நண்பரோடு இரு நிறத்திலும் ஆடிப் பாருங்கள். லிச்செஸ் போன்ற இலவசத் தளங்களில் 15 நிமிட ஆட்டம் ஆடுங்கள்; பிளிட்ஸ் பிறகு. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் மூன்று கேள்விகள் போதும்: சி5 எப்போது ஆடினேன்? டி4-ஐ எத்தனை காய்கள் தாக்கின? சி8 பிஷப் எங்கே போனது?

பிறகு பெரியவர்களின் ஆட்டங்களுக்கு வாருங்கள். 2000 டிசம்பரில் டெஹ்ரானில் ஷிரோவுக்கு எதிரான இறுதியின் நான்காவது ஆட்டத்தில், விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பில் பிரெஞ்சு ஆடி வென்று முதன்முறையாக உலகப் பட்டத்தைப் பிடித்தார். 2024இல் சிங்கப்பூரில் குகேஷின் உலகப் பட்டப் போட்டியில், முதல் ஆட்டத்தை டிங் லிரென் கறுப்பில் வென்றதும் பிரெஞ்சில்தான். இரண்டிலும் 4ஆம் படியில் சொன்ன 3… குதிரை எஃப்6 4. இ5 குதிரை டி7 வரிசைதான் வந்தது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சு என்பது இ4-க்கான பதில் மட்டுமே; எதிராளி டி4, சி4 என்று தொடங்கினால் வேறொரு டிஃபென்ஸ் வேண்டும். அதை அப்புறம் படிக்கலாம். முதலில் இந்த ஒரு சங்கிலியை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். சில தோல்விகளுக்காக ஓப்பனிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு எந்த ஓப்பனிங்கும் கைவராது.