விறகடுப்பைத் தெரிந்தெடுக்கும் முறை

வ.உ.சி. துறைமுகத்துக்கு வடக்கே வேம்பார் வரையிலும், தெற்கே திருச்செந்தூர், உடன்குடி வரையிலும் நீண்டுள்ள இக்கரையோரப் பகுதியில், குளிருக்காக வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியம் எவருக்கும் ஏற்பட்டதில்லை. ஆயினும், விறகின் கணக்கு நம் அங்கத்தினர்களை விட்டபாடில்லை. பனைத் தொழிலாளர் குடும்பங்கள் பதநீர் காய்ச்சுகின்றன. நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சிப் பசை காய்ச்சுவதோடு நூலுக்குச் சாயமும் ஏற்றுகின்றனர். விவசாயிகள் நெல் அவிக்கின்றனர். இவற்றுக்கெல்லாம் அடுப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஆராய்ந்து முடிவு செய்வோர் மிகச் சிலரே. கொத்தனார் கட்டியதே அடுப்பு, கடைக்காரர் காட்டியதே அடுப்பு என்றிருக்கும் நிலையில், இதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது பயனுள்ளது எனக் கருதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். தினசரிச் சமையலைப் பொறுத்தவரை, எந்த விறகடுப்பும் எரிவாயு அடுப்புக்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு முதல் இலவச எரிவாயு அடுப்புகள் வழங்கப்பட்டன. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் வந்தது. எரிவாயு உள்ள வீட்டில் சோறும் குழம்பும் அதிலேயே ஆகட்டும். மணிக்கணக்காகத் தீ நின்று எரிய வேண்டிய வேலைகளுக்கு எரிவாயுச் செலவு கட்டுப்படியாகாது. அங்கேதான் விறகு தேவைப்படுகிறது. அவ்வேலைகளுக்குரிய அடுப்பைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

அடுப்பில் இரண்டு பொருள்கள் வெளியேறுகின்றன. ஒன்று சூடு, மற்றொன்று புகை. சூடு பாத்திரத்துக்கும், புகை வீட்டுக்கு வெளியேயும் செல்ல வேண்டும். குளிர்நாடுகளில் சுவரை ஒட்டி அமைத்த திறந்த கணப்புகளில் புகை ஒழுங்காகப் புகைக்கூண்டு வழியே வெளியேறியது. ஆனால், சூட்டில் பெரும் பங்கும் அதனுடனேயே வெளியேறிவிட்டது. 1740-களில் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளின் என்னும் அறிஞர் இரும்புத் தகடுகளாலான ஒரு பெட்டியடுப்பை அமைத்து இந்நஷ்டத்தைக் குறைக்க முயன்றார். (அதற்குக் காப்புரிமை பெற அவர் மறுத்துவிட்டார் என்பது கூட்டுறவாளர்களுக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி. அவருடைய முதல் அமைப்பில் புகை சரிவர வெளியேறவில்லை என்பதையும், பின்வந்தோரே அதனைத் திருத்தினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) இன்று அந்நாடுகளில் பழைய கணப்பை இடிக்காமல், அதனுள்ளேயே கதவுள்ள இரும்படுப்பு ஒன்றைப் பொருத்திவிடுகின்றனர்.

நம்முடைய மூன்று கல் அடுப்பின் நிலைமை இதைவிட மோசம். அதில் சூடும் பாத்திரத்தைச் சேர்வதில்லை, புகையும் வெளியேறுவதில்லை. விறகிலுள்ள சூட்டில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குதான் பாத்திரத்துக்குக் கிடைக்கிறது. மீதி நான்கு பக்கமும் சிதறுகிறது. புகையோ அடுப்படியில் அமர்ந்திருப்பவரின் கண்ணிலும் நெஞ்சிலும் சேர்கிறது. வீட்டினுள் எழும் இத்தகைய புகையினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இனி, விறகின் கணக்கைப் பார்ப்போம். பனங்கருப்பட்டி ஒரு கிலோவுக்கு எட்டு லிட்டர் பதநீர் தேவை என்று வைத்துக்கொள்வோம். இனிப்பைப் பொறுத்து இது கூடும், குறையும். எட்டு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 560 கிலோ கலோரி வேண்டும். அதிலுள்ள ஏழு லிட்டர் நீரை ஆவியாக்க, லிட்டருக்கு 540 வீதம் 3,780 வேண்டும். ஆக 4,340. காற்றில் நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3,500 கிலோ கலோரி சூடு உண்டாகிறது. திறந்த அடுப்பில் அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு பயன்பட்டால் 525 கிடைக்கும். எனவே ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுக் கிலோவுக்கு மேல் விறகு செலவாகும். அடுப்பைத் திருத்தி நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு பயன்படுமாறு செய்தால் ஐந்து கிலோ போதும். நாளொன்றுக்கு ஐந்து கிலோ வீதம் தொண்ணூறு நாள் காய்ச்சும் குடும்பத்துக்கு இது ஏறத்தாழ ஒன்றரை டன் விறகு. அந்த ஒன்றரை டன்னை விலைக்கு வாங்குவோருக்கு அது ரொக்கம். முள் வெட்டிச் சுமந்து வருவோருக்கு அது உடலுழைப்பு. அச்சுமை பெரும்பாலும் பெண்கள் தலைமீதே ஏறுகிறது. கொளுத்தும் வெயில் மாதங்களில் அடுப்பின் முன் அமர்ந்து பதநீரைத் துழாவுவோரும் அவர்களே.

அடுப்பைத் திருத்தும் முயற்சி நம் நாட்டில் புதிதன்று. வார்தாவில் மகன்வாடியில் உருவான மகன் அடுப்பும், 1950-களில் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. ராஜு அமைத்த புகையில்லா அடுப்பும் மண்ணால் கட்டக்கூடியவை, புகைபோக்கி உடையவை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டி 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா என்னும் அமைப்பு பின்னர் மூன்று பாத்திர அடுப்பு ஒன்றை ஆராய்ந்து வெளியிட்டது. 1983-இன் இறுதியில் மத்திய அரசு தேசிய அளவில் திருத்திய அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002-இல் முடிப்பதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை அமைத்தது. அவற்றுள் இன்று எத்தனை எரிகின்றன என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அடுப்புகளை எண்ணினார்களே தவிர, அவை எரிகின்றனவா என்று எண்ணவில்லை என்பதே நமது கருத்து. ஒடிசாவில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நடத்தி, 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றும் இதையே காட்டிற்று. முதலாண்டில் அடுப்பு எரித்தவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அடுப்புகள் விரிசல் விட்டன, புகைபோக்கியை எவரும் துடைக்கவில்லை, பயன்படுத்துவதும் குறைந்தது, நன்மையும் மறைந்துபோயிற்று. ஆகையால் ஓர் அடுப்பைத் தெரிந்தெடுக்கையில், விலைக்கு அடுத்தபடி கேட்க வேண்டிய கேள்வி, இதை யார் துடைப்பார், விரிசலை யார் பூசுவார் என்பதே.

பழைய அடுப்பை முழுவதும் இடிக்க வேண்டுமென்பதில்லை. நம் பக்கத்துக் கொடியடுப்பு அறிவோடு அமைந்த ஒன்று. முதல் பாத்திரத்தைத் தாண்டிய சூட்டைப் பக்கத்துக் குழிக்கு அனுப்பி மற்றொரு பாத்திரத்தைச் சுடவைப்பது அதன் தத்துவம். அதில் குறைவன இரண்டு. விறகு தரையில் படுத்து எரிவதால் அடியிலிருந்து காற்றுக் கிடைப்பதில்லை. கொடிக்கு அப்பால் புகைக்கு வழியில்லை. விறகுக்கு அடியில் வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு ஒன்றைப் பொருத்தி, அதன் கீழ்ச் சாம்பல் குழி விட்டு, கொடியின் கோடியில் மூன்று அல்லது நான்கு அங்குல உள்விட்டமுள்ள புகைபோக்கியைச் சேர்த்தால் அதே அடுப்பு வேறொன்றாகிவிடும். பாத்திரத்துக்கும் சுவருக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. சூடு பாத்திரத்தின் பக்கங்களைத் தழுவிச் செல்வதற்கு அவ்விடுக்கே காரணம். ஆதலால், பாத்திரத்தை வாங்கிய பிறகே அடுப்பைக் கட்ட வேண்டும். அடுப்பைக் கட்டிவிட்டுப் பாத்திரம் தேடுவோர் பணத்தை இருமுறை செலவிடுவர்.

கடையில் விற்கும் உலோக அடுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி, இயல்பான காற்றில் எரியும் கையடக்க விறகடுப்பு நூற்றுக்கு 25 பங்கும், விசிறி பொருத்திய அடுப்பு 35 பங்கும் குறையாமல் சூட்டைப் பயன்படுத்த வேண்டும். தர முத்திரை இல்லாத அடுப்புக்குச் சங்கம் கடன் அனுமதிப்பது முறையன்று. முத்திரை இருப்பினும், அந்த அளவு சோதனைச்சாலையில் சிறு துண்டு விறகையும் தட்டையான பாத்திரத்தையும் வைத்துக் கண்டது என்பதை மறக்கலாகாது. வாயகன்ற காய்ச்சும் பாத்திரத்தை அச்சிறு அடுப்பின்மேல் ஏற்றுவது ஆபத்து. அன்றியும், நமது கரையில் உப்புக் காற்று மெல்லிய தகட்டை விரைவில் அரித்துவிடும். உப்பளத்தின் அருகிலுள்ளோர் தகர அடுப்பையும் தகரப் புகைபோக்கியையும் தவிர்த்து, மண், செங்கல், சுடுமண் குழாய் ஆகியவற்றையே நாடுவது நலம். முன்பு ஆஸ்பெஸ்டாஸ் குழாய்களை வைத்தனர். அதை அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அதனை விலக்குக.

புகைபோக்கியின் தலை கூரைக்கு மேல் இரண்டடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று குழாய்க்குள் இறங்கிப் புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும்; எனவே மேலே மூடி வைத்து, நான்கு பக்கமும் வழிவிட வேண்டும். அடுப்பின் வாயையும் மேற்கு நோக்கி வைக்காதிருத்தல் நன்று. ஓலைக் குடிசையாயின் குழாயைக் கூரையினூடே ஏற்றவே கூடாது. சுவர் வழியே வெளியே கொண்டுசென்று, ஓலையை விட்டு நன்கு விலகி உயர்த்த வேண்டும். ஒரு தீப்பொறிக்கு ஒரு விளை முழுவதும் இரையாகலாம்.

எவ்வளவு நல்ல அடுப்பும் ஈர விறகின் முன் தோற்றுவிடும். வெட்டியவுடன் எரிக்கும் பச்சை விறகில் சரிபாதி எடை நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்கவே விறகின் சூட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது, புகையும் பெருகுகிறது, குழாயில் தார் போன்ற பிசுக்குப் படிகிறது. நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. அதற்கு முன்பே வெட்டி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடிவைத்தால் தைக்குப் பின் வரும் பதநீர்ப் பருவத்துக்கு உலர்ந்த விறகு தயாராகிவிடும். காய்ந்ததா என்றறிய, ஒரு துண்டை நிறுத்து அடையாளமிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் நிறுக்க வேண்டும். எடை குறையாவிட்டால் காய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். சீமைக் கருவேல் கனத்த விறகு; நின்றெரிந்து நல்ல கனல் தரும். பனை மட்டையும் ஓலையும் குப்பென்று எரிந்து அடங்கும். தீ மூட்டவும், கொதி தாழும்போது தூக்கிவிடவும் உதவும். கடலில் ஒதுங்கிய மரத்தையும், வர்ணம் பூசிய பழைய வள்ளத்துப் பலகையையும் அடுப்பில் வைக்கவே வேண்டாம். உப்பேறிய மரம் கம்பித்தட்டை அரிப்பதோடு நச்சுப் புகையையும் எழுப்பும். வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும்.

சாயமிடும் நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு லிட்டர்த் தொட்டியை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க 5,000 கிலோ கலோரி வேண்டும். பின்னர் அச்சூட்டை நிலைநிறுத்தினாற் போதும். ஆகவே கம்பித்தட்டைவிடத் தொட்டிக்கு ஒரு மூடியும், சுற்றிலும் உமிச்சாம்பல் நிரப்பிய இரட்டைச் சுவரும் அவர்களுக்கு அதிக லாபம் தரும்.

வெளியே தெரியாத ஆபத்து ஒன்றுண்டு. குழாய் அடைபட்டால் கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்சைடு அறையில் தேங்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் குளிருக்காக மூடிய அறைக்குள் கரிக்கனல் வைத்து உறங்கியோர் காலையில் எழாத நிகழ்ச்சிகள் உண்டு. நம் பக்கத்தில், மழைநாளில் கதவையடைத்துக்கொண்டு அடுப்பெரிப்போர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். புகைபோக்கியில் தடுப்புத் தகடு வைத்திருந்தால், கனல் முழுவதும் அவிந்த பின்னரே அதை மூடலாம். காய்ச்சும் பருவத்தில் பதினைந்து நாளுக்கொரு முறை, நீண்ட கழியில் சாக்குத் துணி கட்டிக் குழாயைத் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும்.

புதிதாகக் கட்டிய அடுப்பை ஒரு வாரமாவது ஆறவிட்டு, பிறகு சிறு தீயாக மூட்டிப் பழக்க வேண்டும். கொத்தனாருக்கு முழுக் கூலியையும் முன்னதாகவே கொடுத்துவிடாமல், சோதனைக்குப் பின் ஒரு பகுதியைக் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். சோதனை எளிது. பாத்திரத்தில் ஐந்து லிட்டர் நீரை அளந்து ஊற்றி, உலர்ந்த விறகு ஒரு கிலோவை நிறுத்து முழுவதும் எரியுங்கள். ஐந்து லிட்டர் நீர் 30 டிகிரியிலிருந்து கொதித்தால் 350 கிலோ கலோரி. அதன்பின் ஒரு லிட்டர் ஆவியாகியிருந்தால் மேலும் 540. மொத்தம் 890. அதை 3,500-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 25 பங்கு வரும். அரை லிட்டர்கூடக் குறையவில்லையானால் கம்பித்தட்டின் அடியில் காற்று வருகிறதா, பாத்திரத்தைச் சுற்றி இடைவெளி அதிகமா என்று பார்த்துக் கொத்தனாரையே திருத்தச் சொல்லுங்கள். கூரையடியில் புகை மிதந்தால் குழாயின் இணைப்பில் ஓட்டை இருக்கும். எரியும் ஊதுவத்தியை இணைப்பருகே பிடித்தால், அதன் புகை எங்கே உள்ளிழுக்கப்படுகிறதோ அங்கே களிமண்ணால் பூசிவிடலாம்.