தாய்லாந்தில் வீடு வாங்கப் போகிறீர்களா?

புக்கெட்டுக்கும் பட்டாயாவுக்கும் சுற்றுலா போகிறவர்கள் கையில் கடலோர வீட்டு விளம்பரம் ஒன்றாவது திணிக்கப்படும். வெளிநாட்டவர் அங்கே சட்டப்படி வீடு வாங்கலாம். ஆனால் நம் ஊர்ப் பத்திரப் பதிவுப் பழக்கத்தோடு போனால் சிக்கல்தான்.

1. மண்ணை மறந்துவிடுங்கள். 1954-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் நிலம் பதிவாகாது. 4 கோடி பாட் முதலீடு செய்தால், அமைச்சர் அனுமதியோடு ஒரு ராய் (சுமார் 40 சென்ட்) வரை வாங்க விதிவிலக்கு உண்டு. அது பெரும் பணக்காரர்களின் கவலை.

2. சொந்தமாக வாங்கக்கூடியது கண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடு. 1979 சட்டப்படி கண்டோவாகப் பதிவான கட்டடமாக இருக்க வேண்டும். அதன் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். இன்னும் இடம் இருக்கிறதா என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

3. முக்கியமானது இதுதான்: பணம் வந்த வழி. விலைத் தொகை வெளிநாட்டிலிருந்து, வெளிநாட்டுக் கரன்சியாகவே, வாங்குபவர் பெயரில் வர வேண்டும். பாட்டாக மாற்றுவது தாய்லாந்து வங்கியில் நடக்கட்டும். கண்டோ வாங்கத்தான் பணம் என்பதை அனுப்பும்போதே குறிப்பிடுங்கள். வங்கி தரும் சான்று இல்லாவிட்டால் நில அலுவலகத்தில் பதிவு நடக்காது. பின்னாளில் வீட்டை விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோகவும் அதே தாள்தான் வேண்டும். மூலப்பத்திரத்தைப் போல அதையும் பத்திரப்படுத்துங்கள்.

இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கணவன், மனைவி இருவரின் வரம்பையும் சேர்த்து அனுப்பினால் பத்திரத்திலும் இருவர் பெயரும் இருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் அந்தச் சொத்தை ஆண்டுதோறும் காட்டுங்கள். "இங்கே ரொக்கம் கொடுங்கள், அங்கே பாட் கிடைக்கும்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

4. பினாமி வேண்டாம். "உள்ளூர்க்காரர்கள் 51 சதவீதப் பங்குதாரர்கள் என்று ஒரு கம்பெனி தொடங்கி நிலம் வாங்கலாம், எல்லாரும் செய்வதுதானே" என்பார் முகவர். பெயருக்குப் பங்குதாரர்களை வைப்பது அங்கே குற்றம். வெளிநாட்டவர் தொழில் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. மாட்டினால் முகவர் கூட வரமாட்டார்.

5. தனி வீடுதான் வேண்டும் என்றால் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம். அதிகபட்சம் 30 ஆண்டு. 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். "30+30+30" என்று விளம்பரம் செய்வார்கள். உறுதியானது முதல் 30 மட்டுமே, அதற்கான விலையை மட்டும் கொடுங்கள். நிலப் பத்திரத்தின் தலைப்பில் சிவப்புக் கருடன் இருக்கிறதா பாருங்கள். அளந்து எல்லை குறித்த முழு உரிமைப் பத்திரத்துக்கு அதுவே அடையாளம். பச்சை, கறுப்புக் கருடன்கள் ஒருபடி கீழே.

6. கண்டோ வாங்கும்போது பதிவுக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம். யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பழைய வீடு என்றால், பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற நிர்வாகக் கடிதமும் வேண்டும்.

7. உயில் எழுதி வையுங்கள். வாரிசும் வெளிநாட்டவராக இருந்து, சட்டம் கேட்கும் தகுதி இல்லாவிட்டால், ஓராண்டுக்குள் கண்டோவை விற்க வேண்டிவரும்.

8. பத்திரம் தாய்லாந்து மொழியில்தான் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல, முகவர் கைகாட்டும் வக்கீலை விட்டு, நீங்களாகத் தேடிய ஒருவரை அமர்த்துங்கள்.

9. கண்டோ வாங்கினால் விசா தானாக வராது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.