சுமைதாங்கியும் சுமைவினைகளும்: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் பழைய சாலையோரங்களில், நட்ட கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைத்த சுமைதாங்கிகளைக் காணலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நிறுவுவது தமிழகத்தில் பரவலாக இருந்த வழக்கமாகும். தலைச்சுமைக்கான கல் அவளுக்கு நினைவுக்கல்லானது எவ்வாறு என்பதைச் சுமை பற்றிய வினைச்சொற்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏற்றலும் இறக்கலும்

ஆங்கிலத்தில் ஏற்றுவதைக் குறிக்கும் 'லோட்' என்னும் வினையின்முன் 'அன்' என்னும் முன்னொட்டைச் சேர்க்க, இறக்குவதைக் குறிக்கும் வினை கிடைக்கிறது. தமிழிலோ ஏறு–ஏற்று, இறங்கு–இறக்கு என இரு தனி வினைகள் உள்ளன. மேல், கீழ் என்னும் திசையே அவற்றின் பொருளடிப்படை. 'லோடு' பேச்சுவழக்கில் பெயராகக் கலந்த பின்னும், 'லோடு ஏத்து', 'லோடு இறக்கு' என வினை தமிழாகவே நிற்பது கருதத்தக்கது. திருக்குறள் வண்டியில் மயிற்பீலி ஏற்றுவதற்குப் 'பெய்' என்னும் வினையையும், சிவிகை சுமப்பதற்குப் 'பொறு' என்னும் வினையையும் ஆள்கிறது. இன்று முன்னது பெரும்பாலும் மழைக்கும், பின்னது மனத்திற்கும் உரியதாகிவிட்டது.

சுமத்தலும் தாங்கலும்

'சும' பெரும்பாலும் சுமையோடு செல்வதையும், 'தாங்கு' விழாமல் கீழிருந்து நிறுத்துவதையும் குறிக்கும். பெருஞ்சுமையைத் தனியொருவர் தலையில் ஏற்றுவதும் இறக்குவதும் அரிது. எனவே 'தூக்கி விடுங்க', 'இறக்கி விடுங்க' என வழியில் வருவோரைக் கேட்பர். இங்கு 'விடு' என்னும் துணைவினை பிறர்க்கு உதவும் பொருளைத் தருகிறது. ஆளில்லா வழியில் அவ்வுதவியைச் செய்வது, குனியாமலே சுமையை நகர்த்தி வைக்கும் உயரத்தில் கிடக்கும் கல்லாகும்.

சூலும் சுமையும்

'பத்து மாதம் சுமந்து பெற்றாள்' என்னும் வழக்கில் கருவைத் தாங்குதலுக்கும் 'சும' என்பதே வினை. பெற்றவளின் சுமை இறங்குகிறது. பேற்றிற்குமுன் இறந்தவளின் சுமை இறங்கவில்லை. வழிப்போக்கர் தம் சுமையை அவள் பெயரால் நட்ட கல்லில் வைத்து இளைப்பாறுகையில் அவளும் அமைதியுறுவாள் என்பது நம்பிக்கை. 'இறக்கி விடும்' உதவியை உறவினர் அவளுக்குக் காலந்தாழ்ந்து செய்கின்றனர் எனலாம்.

முடிவுரை

சுமை ஊர்திகளுக்கு மாறியபின் இக்கற்கள் பயன் இழந்தன. சாலை அகலப்படுத்தப்படும்போது எளிதில் பெயர்க்கப்படுகின்றன. சிலவற்றிலேயே பெயர்ப்பொறிப்பு உண்டு. பொறிப்பில்லாக் கல் யாருக்காக நடப்பட்டது என்பதற்கு ஊராரின் பேச்சே சான்று. ஆகவே கள ஆய்வாளர் கல்லின் அளவையும் இடத்தையும் மட்டுமன்றி, அதைப் பற்றி முதியோர் கூறும் தொடர்களையும் அவர்கள் ஆளும் வினைகளோடு பதிவுசெய்தல் வேண்டும்.