மழைக்கால மலையேற்றம்

கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றிலும் மலைகளும் குன்றுகளும் நிறைந்துள்ளன. புக்கிட் காசிங், புக்கிட் தாபூர், புரோகா போன்ற இடங்களுக்கு வார இறுதியில் பலர் மலையேறச் செல்கின்றனர். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய நெரிசல் மிகுந்த நகர்களில் வாழ்வோருக்கு மலையேற்றம் தூய காற்றையும் உடற்பயிற்சியையும் ஒருங்கே தருகிறது. ஆயினும், ஆண்டின் இறுதி மாதங்களில் மலையேறுவோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். அம்மாதங்களில் மழை மிகுதியாகப் பெய்வதால் மண்சரிவு ஏற்படும் வாய்ப்பும் அதிகமாகிறது.

1993 டிசம்பர் 11ஆம் நாள், உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடங்களுள் ஒன்று மண்சரிவால் சாய்ந்தது. அதில் 48 பேர் உயிரிழந்தனர். 2008 டிசம்பர் 6ஆம் நாள், அதே வட்டாரத்திலுள்ள புக்கிட் அந்தாராபங்சாவில் வீடுகள் மண்ணில் புதைந்தன. 2022 டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்குச் செல்லும் சாலைக்கருகே இருந்த முகாம் தளத்தின்மீது மண் சரிந்து விழுந்தது. விடுமுறையைக் கழிக்க வந்திருந்தவர்களுள் 31 பேர் உயிரிழந்தனர். இம்மூன்று துயரங்களும் டிசம்பர் மாதத்திலேயே நிகழ்ந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

மண்சரிவு எவ்வாறு ஏற்படுகிறது? வெப்பமும் மழையும் மிகுந்த நம் நாட்டில் பாறைகள் சிதைந்து ஆழமான மண்ணாக மாறிவிடுகின்றன. மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால்தான் சரிவான நிலம் நிலைத்து நிற்கிறது. நாள்தோறும் பெய்யும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கித் துகள்களுக்கிடையே உள்ள வெற்றிடங்களை நிரப்புகிறது. இதனால் மண்ணின் எடை கூடுகிறது. துகள்களின் பிடிப்போ தளர்கிறது. இறுதியில், சிறுமழைகூட அந்நிலத்தைச் சரியச் செய்துவிடும். ஆகவே, காலையில் வானம் தெளிவாக இருப்பதால் மட்டும் மலை பாதுகாப்பாக இருக்கிறது என்று கருதிவிடக் கூடாது.

பனிமலைகளிலும் இதே நிலைதான். 1997 மே 23ஆம் நாள், மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் மலேசியர்கள் என்ற பெருமையைப் பெற்றனர். அத்தகைய உயர்ந்த மலைகளில் ஏறுவோர் எதிர்கொள்ளும் பேராபத்துகளுள் ஒன்று பனிச்சரிவு. குளிர்காலத் தொடக்கத்தில் விழும் பனி சில வேளைகளில் சர்க்கரையைப் போல் உதிரியாகிவிடும். அதன்மீது புதுப்பனி கனமாகப் படிந்தால், ஒருவர் கால் வைத்தாலே முழுச் சரிவும் நழுவக்கூடும். எனவே, பனிமலை ஏறுவோர் அன்றைய வானிலையோடு முந்தைய வாரங்களின் பனிப்பொழிவையும் ஆராய்கின்றனர்.

நாமும் அவ்வழக்கத்தைப் பின்பற்றலாம். புறப்படுவதற்கு முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். கடந்த சில நாள்களாகத் தொடர்மழை பெய்திருந்தால் பயணத்தை ஒத்திவைப்பதே நல்லது. வனக் காப்பகங்களுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியைப் பெற வேண்டும். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் குடும்பத்தாரிடம் தெரிவிக்க வேண்டும். தனியே செல்லக் கூடாது. சரிவின் அடிவாரத்திலோ ஓடைக்கரையிலோ கூடாரம் அமைக்கக் கூடாது.

மலையில் இருக்கும்போது நிலத்தையும் கவனிக்க வேண்டும். தரையில் புதிய வெடிப்புகள், சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கி ஓடும் ஓடைநீர், உருண்டு விழும் சிறு கற்கள் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே அவ்விடத்தை விட்டு நீங்க வேண்டும். மண் சரியத் தொடங்கினால் கீழ்நோக்கி ஓடாமல், சரிவின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும். பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் 999 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

சிகரத்தை அடையாமல் பாதி வழியில் திரும்புவது தோல்வியன்று. மலை அங்கேயேதான் இருக்கும். மழை ஓய்ந்து நிலம் உலர்ந்த பிறகு மீண்டும் ஏறலாம்.