காயின் நிறம் காக்கும் எள் விழுது

தஹினி என்று சொன்னதும், சேலத்தில் எந்தப் பெரிய கடையில் அது கிடைக்கும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் நல்ல வெள்ளை எள் வாங்குங்கள், வீட்டில் மிக்ஸி இருந்தால் போதும் என்பேன். இளவறுப்பாக வறுத்த எள்ளைத் தண்ணீர் விடாமல், அதன் எண்ணெய் கசியும் வரை அரைத்தால் அதுதான் தஹினி. லெபனான், சிரியா, பாலஸ்தீன வீடுகளில் அன்றாடம் புழங்குவதால் நமக்கு அயல்நாட்டுப் பண்டமாகத் தெரிகிறது. எள் முதன்முதலில் பயிரானதோ இந்தியத் துணைக்கண்டத்தில்தான்; ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. பொடியாகவும் துவையலாகவும் உருண்டையாகவும் நாம் காலங்காலமாகச் சாப்பிடுவதை இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக அரைக்கிறோம், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்ட பிறகு பச்சடிக்கும் குருமாவுக்கும் ஒரு கெட்டியான, மணமுள்ள மாற்று தேவைப்பட்டது. தேங்காய் கீழேயிருந்து மலையேறி வரவேண்டும். முந்திரி விலை கட்டுப்படியாகாது. எள் இரண்டு குறையையும் தீர்த்தது. அதைவிட முக்கியமாக, காய்களை எப்படி வேகவைக்க வேண்டும் என்பதையே எள் விழுது எனக்குக் கற்றுக்கொடுத்தது. விழுது வெளிர் நிறத்தில் இருப்பதால் பக்கத்தில் இருக்கும் காய் எந்த நிறத்தில் இருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். குழைந்து மங்கிய பீன்ஸை மசாலாவுக்குள் மறைத்துவிடலாம். இதில் மறைக்க முடியாது.

முதலில் விழுது. கால் கிலோ வெள்ளை எள்ளை உப்புப் போட்ட தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் முரட்டுத் துணியில் போட்டுத் தேய்த்தால் தோல் கழலும். உப்புச் சற்றுத் தூக்கலான தண்ணீரில் கொட்டினால் தோல் அடியில் தங்கும், பருப்பு மேலே மிதக்கும். அரித்து எடுத்து நன்றாகக் கழுவலாம். கீழே சமவெளியில் என்றால் மொட்டைமாடி வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடும். இங்கே மழைக்காலத்தில் பனிமூட்டம் சமையலறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயிலை நம்ப முடியாது. அதனால் ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டு, அடி கனமான இரும்புச் சட்டியில் மிகச் சிறிய தீயில் உலர்த்துகிறேன். உலர்ந்த பிறகும் அதே தீயில்தான் வறுக்க வேண்டும். மணம் எழுந்து இரண்டொரு எள் வெடித்ததும் இறக்கி அகலமான தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் சட்டிச் சூட்டிலேயே சிவந்துவிடும். எள்ளுருண்டைக்கு அந்தச் சிவப்பு அழகு. இங்கே அது கசப்பையும் பழுப்பு நிறத்தையும் கொண்டுவந்து காய்களின் நிறத்தை அமுக்கிவிடும்.

வெதுவெதுப்பு ஆறுவதற்குள் சின்ன ஜாரில் போட்டு, விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு கட்டி கட்டியாகச் சுவரில் ஒட்டும். வழித்துவிட்டு வழித்துவிட்டுத் தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் எண்ணெய் கசிந்து தானாகவே இளகும். எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய் என்பதால் பொறுமைதான் தேவை. மிக்ஸி திணறினால் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடலாம். கருப்பட்டி சேர்த்து ஆட்டிய செக்கு எண்ணெயாக இருந்தால் மெல்லிய இனிப்பு தட்டும். எனக்கு அது பிடிக்கும். ஈரக் கரண்டி மட்டும் பாட்டிலுக்குள் போகக் கூடாது. மார்கழிக் குளிரில் விழுது இறுகிவிட்டால் பாட்டிலைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் சற்று நேரம் நிறுத்திவைத்தால் போதும்.

இந்த விழுதைக் காய்மேல் ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவரும்போதுதான் புதிதாகச் செய்பவர்கள் பதறுகிறார்கள். மூன்று கரண்டி விழுது, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, நசுக்கிய பூண்டு ஒரு பல், உப்பு. சாறு பட்டதும் விழுது திரிந்ததுபோல இறுகும். கெட்டுப்போய்விடவில்லை. குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். எண்ணெயும் நீரும் கூடிச் சட்டென்று இளகி, முன்னைவிட வெளுத்து, தோசைமாவுப் பதத்துக்கு வரும். இதை அடுப்பில் ஏற்றக் கூடாது. கொதித்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். காய் வெந்து, அடுப்பு அணைந்து, தட்டுக்கு வந்த பிறகுதான் எள்ளின் வேலை.

இனிக் காய்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் எந்த நிறமும் மிஞ்சாது. பீட்ரூட்டைத் தோலும் காம்பும் இருக்க முழுசாக வேகவைத்துப் பிறகு உரித்தால் சிவப்பு தண்ணீரில் இறங்காது. எலுமிச்சைப் புளிப்பு அந்தச் சிவப்புக்குத் துணை. நீண்ட நேரச் சூடு பகை. துருவி, பரிமாறும் நேரத்தில் எள் விழுதோடு கலந்தால் தயிர்ப் பச்சடியை மறக்கடிக்கும் இளஞ்சிவப்பு வரும். தாளிப்புக்குக் கடுகும் கறிவேப்பிலையும் போதும்.

பச்சைக் காய்கள் நேர் எதிர். புளிப்புப் பட்டால் பசுமை போய்ப் பாசி நிறமாகும். பீன்ஸை நிறையக் கொதிநீரில், மூடாமல், கடிபதத்துக்கு வேகவிட்டு உடனே குளிர்நீரில் போடுங்கள். ஏற்காட்டில் குழாய்த் தண்ணீரே பெரும்பாலான மாதங்களில் அதற்குப் போதுமான குளிர்ச்சியோடு வரும். விழுதைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, சாப்பிடும்போது ஊற்றிக்கொள்வதுதான் நல்லது. ஊதா முட்டைக்கோஸோ எலுமிச்சை பட்டதும் ரோஜா நிறத்துக்கு மாறும். ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரில் வேகவைத்தால் நீலம் பாரித்துப் பசியைக் கெடுக்கும். நான் அதை வேகவைப்பதே இல்லை. மெல்லியதாகச் சீவி, உப்பும் சாறும் போட்டுப் பிசறி வைத்துவிடுவேன். கேரட்டும் பரங்கிக்காயும் சூட்டுக்கு அசையாதவை. அவற்றின் மஞ்சள் நிறப் பொருள் கொழுப்போடு சேரும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேர்கிறது. எள்ளும் கேரட்டும் நல்ல ஜோடி.

மலைக்கே உரிய காய் என்றால் எனக்கு சௌசௌதான். கூட்டாகவே தின்று அலுத்தவர்கள் ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள்: தோல் சீவி, விரல் கனத்துக்குத் துண்டாக்கி, ஈரம் துடைத்து, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் பரப்பி, ஒரு பக்கம் பொன்னிறமாகும் வரை தொடாமல் விடுங்கள். திருப்பிப் போட்டதும் உப்பு. தட்டில் எள் விழுதைப் பரப்பி அதன்மேல் இந்தத் துண்டுகளை அடுக்கி, சில்வர் ஓக் மரத்துக் கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகை நசுக்கித் தூவுங்கள். காபித் தோட்டம் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் மிளகுக்குப் பஞ்சமில்லை. பச்சை மிளகு கிடைக்காத மாதங்களில் காய்ந்த மிளகை இடித்துப் போடலாம், ஆனால் அந்த மணம் வேறு.

பரங்கிக்காய்க்கு மட்டும் கறுப்பு எள் விழுது வைக்கிறேன். மஞ்சள்மேல் கருமை அவ்வளவு எடுப்பாக இருக்கும். கறுப்பு எள் என்றாலே திதி நினைவு வந்து தயங்கும் வீடுகள் உண்டு. அங்கே வெள்ளை எள்ளையே கொஞ்சம் கூடுதலாக வறுத்துக்கொள்ளலாம்.

கொண்டைக்கடலையில் செய்யும் ஹம்மஸை இங்கே மொச்சையில் செய்வதுதான் பொருத்தம். சேலம், தருமபுரி பக்கம் தை மாதம் வந்தால் பிதுக்கம்பருப்பு இல்லாத வீடு குறைவு. ஊறவைத்துத் தோல் பிதுக்கிய மொச்சை எத்தனை மழமழப்பாக அரைபடும் என்று கேட்க வேண்டுமா! ஒன்று கவனியுங்கள்: ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பயறு வேக நேரம் பிடிக்கும். குக்கரில் வையுங்கள், சேலத்தில் வைப்பதைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். எனக்கு மொச்சை கொண்டுவந்து தரும் மலைக்கிராமத்துப் பாட்டி ஒருநாள் இதைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, தேங்காயே போடலியா?” என்றார். “இல்லீங்க பாட்டி, எள்ளுதான்” என்றேன். “அப்ப சாமச்சோத்துக்குப் பிசைஞ்சு பாரு” என்று சொல்லிப் போனார். பார்த்தேன். சூடான சாமைச் சோறு, மொச்சை விழுது, மேலே ரோஜா நிற முட்டைக்கோஸ், துருவிய கேரட். இப்போது எங்கள் வீட்டு மழைநாள் சாப்பாடு அதுதான்.

சேலத்துத் தட்டுவடை செட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, பீட்ரூட், கேரட், வெங்காயம் என்று நிறங்களை அடுக்கித் தரும் அந்தத் தள்ளுவண்டிக்காரர்களைவிட அழகாகக் காய் பரிமாறுபவர்களை நான் பார்த்ததில்லை. அதில் பாலும் இல்லை, நெய்யும் இல்லை. வண்டியருகே நின்று உடனே சாப்பிடும்போது மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். வீட்டில் பத்துப் பேருக்கு அடுக்கி முடிப்பதற்குள் அடித்தட்டை நமத்துவிடும். அதற்குத் தஹினி அருமையான மருந்து. தண்ணீர் கலக்காத, கெட்டி விழுதை உள்பக்கம் மெல்லியதாகத் தடவிவிடுங்கள். அந்த எண்ணெய்ப் படலம் காயின் ஈரத்தைத் தட்டைக்குள் விடாது. சட்னியும் காயும் அதன்மேல். பீட்ரூட்டைத் துருவியதும் பிழிந்துவிட்டால் இன்னும் நல்லது. பிழிந்த சாற்றைக் கொஞ்சம் விழுதில் கலந்தால் மூன்றாவது சட்னி தயார்.

சுண்ணாம்புச் சத்துக்காக எள் தின்னச் சொல்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: 100 கிராம் தோலுள்ள எள்ளில் 975 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, தோல் நீக்கினால் அதில் மிகச் சிறிய பங்குதான் மிஞ்சும். தோலிலுள்ள கால்சியமும் பெரும்பகுதி ஆக்ஸலேட்டோடு பிணைந்திருப்பதால் முழுசாக உடம்பில் சேராது. பாலை விட்டவர்கள் கீரை, கேழ்வரகு என்று வேறு வழிகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். பி12 வைட்டமின் எள்ளிலும் இல்லை, காயிலும் இல்லை. அதை மருத்துவரிடம் கேட்டு மாத்திரையாக எடுத்துக்கொள்வதே சரி. விருந்தாளிக்கு வைக்கும் முன் எள் ஒவ்வாமை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். சிலருக்கு அது கடுமையாக இருக்கும்.

கரைத்த விழுது மிஞ்சினால் மறுநாள் கெட்டியாகிவிடும். தண்ணீர் தெளித்து அடித்தால் மீண்டும் இளகும். அதற்கும் நேரமில்லையென்றால் புளிக்குழம்பை இறக்கும்போது ஒரு கரண்டி கலந்துவிடுங்கள். குழம்பு திக்காகும், காரமும் தணியும்.