எண்ணும் இயந்திரம் சொன்னால் சரிதானா?



கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்காதவர் நம்மில் யாரும் இல்லை. கூடைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்கவும் செய்கிறோம். ஆனால் ஒரு வங்கியிலே பளபளவென்று ஓர் இயந்திரம் நின்று, "உங்கள் காசு இவ்வளவு" என்று சீட்டு அடித்துக் கொடுத்தால் பேசாமல் வாங்கி வந்து விடுகிறோம். "மெசின் பொய் சொல்லுமா?" என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக் கொள்கிறோம்.

மெசின் வேண்டுமென்று பொய் சொல்லாதுதான். ஆனால் பிழை விடும். எங்கே பிழை விடுகிறது, அதை முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்பதுதான் இந்த மாதப் பாடம். ஐக்கிய அமெரிக்காவில் சில்லறை எண்ணும் இயந்திரங்கள் பல காலமாகப் பாவனையில் உள்ளன. பழைய நாணயம் தேடிச் சேர்க்கும் பழக்கமும் அங்கே நிறைய உண்டு. ஆகவே நமது உதாரணங்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்வோம்.

1. காசை எண்ணுவது எப்படி?

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அளவைப் பார்த்து எண்ணுவது. கொட்டிய காசு சுழலும் தட்டில் விழுகிறது. தட்டு வேகமாகச் சுற்றும்போது காசுகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் ஓடுகின்றன. வழியில் சிறிய வாயில் முதலிலும் பெரிய வாயில் பிறகுமாக இருக்கும். தனக்குப் பொருத்தமான வாயில் வந்ததும் காசு விழுந்து விடும். அமெரிக்காவின் 10 சதக் காசு 17.91 மில்லிமீற்றர் அகலம். 1 சதம் 19.05, 5 சதம் 21.21, 25 சதம் 24.26 மில்லிமீற்றர். 10 சதத்துக்கும் 1 சதத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரை விடச் சற்றுக் கூடிய வித்தியாசந்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, மின்சாரத்தால் சோதிப்பது. காசு ஒரு கம்பிச் சுருளைத் தாண்டிப் போகும்போது, அதன் உலோகத்துக்கு ஏற்றபடி சுருளில் ஒரு மாற்றம் உண்டாகும். இது என்ன உலோகம், தெரிந்த காசா, தெரியாத காசா என்று இயந்திரம் அதைக் கொண்டு தீர்மானிக்கிறது.

மூன்றாவது, நிறுத்து எண்ணுவது. ஒரு காசின் நிறை தெரிந்தால், மொத்த நிறையை அதனால் வகுக்க எண்ணிக்கை வந்து விடும்.

2. நிறுத்து எண்ணுவதில் ஒரு நன்மையும் ஒரு பொறியும்

நன்மையை முதலில் பார்ப்போம். இன்றைய அமெரிக்க 10 சதக் காசு 2.268 கிராம். 25 சதம் 5.67 கிராம். 50 சதம் 11.34 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தக் காசில் எடுத்தாலும் ஒரு டொலர் 22.68 கிராம் வரும். ஆகவே இந்த மூன்றையும் கலந்து போட்டு நிறுத்தாலும் தொகை சரியாக வரும். 453.6 கிராம், அதாவது ஒரு இறாத்தல், 20 டொலர். இங்கிலாந்திலும் இப்படித்தான். 1 பென்ஸ் 3.56 கிராம், 2 பென்ஸ் 7.12 கிராம். இரண்டையும் கலந்தால்கூட ஒரு பவுணுக்கு 356 கிராம்தான்.

பொறி எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் 1 சதத்தில் இருக்கிறது. 1982 வரை அது 95 வீதம் செம்பு கொண்டது, நிறை 3.11 கிராம். 1982 ஆம் ஆண்டின் நடுவிலே செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாற்றினார்கள், நிறை 2.5 கிராம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், பெறுமதியும் ஒன்றுதான். ஆனால் நிறை வேறு. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான 1 சதம் அச்சிடுவதை அந்நாடு நிறுத்தி விட்டது. இருந்தாலும் ஏற்கெனவே வெளிவந்த காசுகள் செல்லுபடியாகும்.

இப்போது 100 காசு எடுப்போம். அதில் 40 செம்பு, 60 துத்தநாகம். செம்பு 124.4 கிராம், துத்தநாகம் 150 கிராம், மொத்தம் 274.4 கிராம். தராசு இதை 2.5 ஆல் வகுத்து 110 காசு என்று காட்டும். இருப்பதோ 100! தராசு கெட்டுப் போகவில்லை. "எல்லாக் காசும் 2.5 கிராம்" என்று அதற்குச் சொல்லி வைத்தவர் நினைத்ததுதான் பிழை. தராசைப் பார்த்தால் மட்டும் போதாது. அது எந்தக் கணக்கில் நிறுக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் இப்படி உண்டு. பிற்காலத்தில் வந்த முலாம் பூசிய உருக்கு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்திய செம்பு-நிக்கல் காசு ஒட்டாது. பெறுமதி ஒன்று, உலோகம் வேறு.

3. இயந்திரம் எங்கே தவறுகிறது?

"அண்ணே, கையால எண்ணினா பிழை வரும். மெசின் எண்ணினாலும் வருமா?"

"ஏன் தம்பி வராது? மெசினுக்குக் கண்ணா இருக்கு? வாசல்தான் இருக்கு. அந்த வாசலத் தாண்டினதத்தான் அது எண்ணும். தாண்டாம உள்ளுக்குள்ள கிடக்கிறது அதுக்குத் தெரியாது."

அண்ணன் சொன்னது சரி. முக்கியமான காரணங்கள் இவை:

அ) உணரும் கண்ணாடியிலும் சுருளிலும் தூசும் பிசுக்கும் படிவது. துப்புரவு செய்யாத இயந்திரம் நாளுக்கு நாள் தவறும்.

ஆ) ஒட்டிக்கொண்ட இரண்டு காசு ஒன்றாகப் போவது. இனிப்புப் பண்டம், பசை பட்ட காசில் இது அடிக்கடி நடக்கும்.

இ) வளைந்த காசு வழியை அடைப்பது. பின்னால் வருகிறவை எகிறி வேறு பக்கம் விழும்.

ஈ) உள்ளே இருக்கும் பை நிரம்பி வழிவது, அல்லது காசு இடுக்கில் தங்கி விடுவது.

உ) அயல் நாட்டுக் காசு கலப்பது. கனடாவின் 1 சதம் அமெரிக்காவின் 1 சதத்தோடு ஏறத்தாழ ஒரே அளவு. அளவை மட்டும் பார்க்கும் இயந்திரத்தில் அது நுழைந்து விடும்.

பிழை இரண்டு பக்கமும் வரலாம். சில வேளை கூடவும் காட்டும். அப்படிக் கூட வந்தது "நம்ம அதிர்ஷ்டம்" என்று எண்ண வேண்டாம். பை மறுபடி எண்ணப்படும் இடத்தில் குறைவு தெரிய வரும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அங்கே வேலை செய்யும் ஒருவர்தான்.

4. 2016 இல் நடந்தது

அமெரிக்காவின் டி.டி. வங்கி தன் கிளைகளில் "பென்னி ஆர்கேட்" என்ற பெயரில் சில்லறை எண்ணும் இயந்திரங்களை வைத்திருந்தது. பிள்ளைகளைக் கவரும் விதமாக, மொத்தத்தைக் கிட்டத்தட்டச் சரியாக ஊகிப்பவருக்குச் சிறு பரிசும் உண்டு.

2016 ஏப்ரலில் என்.பி.சி. தொலைக்காட்சியின் "டுடே" நிகழ்ச்சி ஒரு சோதனை செய்தது. முன்கூட்டியே எண்ணிய 300 டொலர் சில்லறையை அந்த இயந்திரங்களில் போட்டார்கள். தொகை குறைந்து வந்தது. ஓர் இயந்திரத்தில் குறைவு 43 டொலருக்கும் மேல்! அதாவது 100 டொலருக்கு 14 டொலர் போய் விட்டது. அடுத்த மாதமே வங்கி அந்த இயந்திரங்களை நிரந்தரமாக நிறுத்தி விட்டது. வாடிக்கையாளர்கள் வழக்கும் தொடுத்தார்கள், முடிவில் வங்கி பணம் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது.

அத்தனை காலம் அந்த இயந்திரத்தில் காசு போட்டவர்களுக்கு ஏன் இது தெரியவில்லை? காரணம் எளிது. தன் உண்டியலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததால்தான் மனிதன் இயந்திரத்திடம் போகிறான். தெரியாதவனுக்குக் குறைந்தது எப்படித் தெரியும்?

5. சேகரிப்பவருக்கு மட்டும் தெரிந்தது ஏன்?

நாணயம் சேகரிப்பவர் வங்கியில் காசுப் பெட்டி வாங்குவார். 1 சதப் பெட்டி ஒன்றில் 50 சுருள், சுருளுக்கு 50 காசு, மொத்தம் 2,500 காசு. விலை 25 டொலர். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். பழைய செம்புக் காசையும், போர்க் காலத்தில் 1943 இல் உருக்கில் அடித்த காசையும் எடுத்து வைப்பார். மீதியை இயந்திரத்தில் கொட்டி மாற்றுவார்.

எத்தனை வாங்கினார், எத்தனை எடுத்தார் என்பது அவர் கொப்பியில் எழுதியிருக்கும். ஆகவே சீட்டில் வரவேண்டிய தொகை அவருக்கு முன்பே தெரியும். 30 காசு எடுத்திருந்தால் 24 டொலர் 70 சதம் வர வேண்டும். 24.50 என்று வந்தால் அங்கேயே கேட்பார். இயந்திரத்தை உண்மையில் சோதிப்பவர் இவர்தான். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

ஆனால் ஒன்று. கடையில் வாங்கிய சுருளிலும் ஒரு காசு கூடலாம், குறையலாம். கவனமானவர் பிரித்ததும் சுருளை எண்ணுவார். இல்லாவிட்டால் சுருளின் குறையை இயந்திரத்தின் தலையில் போட்டு விடுவார்.

6. தள்ளிவிட்ட தட்டைப் பாருங்கள்

இயந்திரம் தனக்குப் பிடிக்காத காசை ஒரு தட்டில் திருப்பித் தள்ளும். பலர் அதைப் பாராமல் போய் விடுவார்கள். சேகரிப்பவர் முதலில் பார்ப்பது அந்தத் தட்டைத்தான்! அமெரிக்காவின் 10, 25, 50 சதக் காசுகள் 1964 வரை 90 வீதம் வெள்ளி. அகலம் மாறவில்லை, உலோகம் மாறியது. 25 சதம் வெள்ளியில் 6.25 கிராம், இப்போது 5.67 கிராம். மின்சாரம் வெள்ளியில் நன்றாக ஓடுவதால், சுருள் அதை "தெரியாத காசு" என்று சொல்லித் தள்ளி விடும். பெறுமதி கூடிய காசைத்தான் இயந்திரம் செல்லாக் காசாக நினைக்கிறது.

மறுபக்கமும் உண்டு. அரிய ஆண்டுக் காசு ஒன்று உள்ளே போனால் அதையும் இயந்திரம் வெறும் 1 சதமாகவே எண்ணும். ஆண்டை அது வாசிப்பதில்லை. மேலும் சுழலும் தட்டும் உருளையும் பட்டு முகத்தில் கீறல் விழும். சேகரிப்பவர் மத்தியில் கீறல் விழுந்த காசுக்கு மதிப்புக் குறைவு. ஆகவே முதலில் தேடுங்கள், பிறகு எண்ணுங்கள்.

நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களும் வணிகக் கம்பெனிகளும் வெளியிட்ட செம்பு, பித்தளை அடையாளக் காசுகளை இன்று தேடிச் சேகரிக்கிறார்கள். நம் முன்னோர் கைபட்ட காசு அது. பழைய தகர டப்பாவில் அப்படி ஏதாவது கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், சில்லறையோடு கலக்கவும் வேண்டாம். விபரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

7. நாம் செய்யக் கூடியது

* உண்டியலை உடைத்ததும் வீட்டிலேயே வகை பிரித்து, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுங்கள். பிள்ளைகளைச் சேர்த்துக் கொண்டால் அவர்களுக்குக் கணக்கும் வரும்.
* வகைக்கு எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதுங்கள்.
* வளைந்தது, பிசுக்குப் பிடித்தது, அயல் நாட்டுக் காசு ஆகியவற்றை வேறாக எடுத்து வையுங்கள்.
* எண்ணி முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள். தள்ளிவிட்ட தட்டைப் பாருங்கள்.
* தொகை வித்தியாசப்பட்டால் கவுண்டரை விட்டு நகர முன் மரியாதையாகச் சொல்லுங்கள். தாளைக் காட்டி, மறுபடி எண்ணக் கேளுங்கள். வெளியே வந்த பிறகு சொன்னால் நிரூபிப்பது கஷ்டம்.

பயிற்சி

(1) ஒருவர் 2,500 காசுப் பெட்டி வாங்கி 85 காசு எடுத்தார். மீதிக்கு இயந்திரம் 23 டொலர் 90 சதம் கொடுத்தது. குறைவு எவ்வளவு?

(2) 200 ஒரு சதக் காசில் 50 செம்பு. 2.5 கிராம் கணக்கில் நிறுத்தால் தராசு எத்தனை காசு காட்டும்?

(3) இன்றைய 10 சதமும் 25 சதமும் கலந்த பை 907.2 கிராம். தொகை என்ன?

விடைகள்: (1) வரவேண்டியது 24.15 டொலர், குறைவு 25 சதம். (2) 530.5 கிராம், ஆகவே 212 காசு. (3) 40 டொலர்.

மூன்றும் சரியாக வந்ததா? வந்திருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். எண்ணத் தெரிந்தவரிடம் இயந்திரமும் கவனமாகத்தான் நடக்க வேண்டும்.