பாடம்: புயலும் புதிய குடியிருப்பும்

சாய்ந்தமருதில் "கடல்" என்றதும் பலருக்கு 2004 டிசம்பர் 26 தான் நினைவுக்கு வரும். அது இயல்பானதே. அன்று இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன்பின் கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. பிறகு அது தளர்த்தப்பட்டது. இதற்கிடையே கரையோரக் குடும்பங்கள் பல, மேற்கே வயல் பக்கமாக எழுந்த பொலிவேரியன் போன்ற குடியிருப்புகளுக்கு மாறின.

இதனால் அலைக்கும் வீட்டுக்கும் இடைவெளி கிடைத்தது. ஆனால் புயல் அலையாக மட்டும் வருவதில்லை. காற்றாகவும் மழையாகவும் வரும். மேற்கே உள்ள நிலம் தாழ்வானது. வாடைக்கால வெள்ளம் வயல்களில் நிரம்பித்தான் கடலை நோக்கி வடியும். தோணாவில் குப்பையும் சல்வீனியாவும் அடைத்து, கடல்வாயும் மூடிக் கிடந்தால் அது வடியாது, நம் வாசலில் நிற்கும். கடற்கரையில் இருந்தபோது கிழக்கை மட்டும் கவனித்தோம். இங்கே மேற்கையும் கவனிக்க வேண்டும்.

சுனாமி முன்னறிவிப்பின்றி வந்தது. புயலுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தை என்ன செய்கிறோம் என்பதே முக்கியம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம், மருந்து ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். கூரைத் தகடுகளின் ஆணிகளைப் பாருங்கள். படகு வைத்திருப்போர் அதை மேட்டுக்கு இழுத்து, இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கிராம சேவையாளர் மூலமும் வரும் அறிவித்தலைக் கேளுங்கள். ஃபேஸ்புக்கில் பரவும் "இன்றிரவு கடல் வருகிறது" என்ற செய்தியை நம்பி ஓடுவதைவிட, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பது நல்லது.

1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; தென்னந்தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. அவர்களிடம் கேட்டு வையுங்கள். புயலின் மையம் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென ஓய்ந்துவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்து கூரையைப் பார்க்கப் போனால் ஆபத்து. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். அறிவித்தல் வரும்வரை உள்ளேயே இருங்கள்.

பெயர் வைத்த புயல்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் பறிபோயின. பின்னர் ஃபெங்கல் எனப் பெயரிடப்பட்ட அந்தத் தாழமுக்கம் அன்று இன்னும் புயலாகக்கூட ஆகவில்லை. "உழவு இயந்திரம் உயரமானது, போகலாம்" என்பது நம் பகுதியின் பழைய நம்பிக்கை. வீதிக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால் எந்த வாகனத்திலும் ஏற வேண்டாம், பிள்ளைகளையும் ஏற்ற வேண்டாம்.

வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றில் அவசரப்படாதீர்கள். சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளைப் பம்பி வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நன்னீர் மணலுக்குள் மெல்லிய படையாகவே இருப்பதால், அதிகம் இறைக்க இறைக்கக் கீழிருந்த உப்புநீர் மேலே வந்தது. நிலம் ஊறியிருக்கும்போது முழுவதும் இறைத்தால் கிணற்று வளையங்களும் சரியலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடச் செய்யுங்கள். அதுவரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள். சேற்றில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பெனடோலோடு நிற்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சேதமான வீட்டைத் துப்புரவாக்கும் முன் போட்டோ எடுத்து, கிராம சேவையாளரிடம் பதிவு செய்யுங்கள்.

பயிற்சி: ஒக்டோபருக்குள், உங்கள் ஒழுங்கையில் உள்ள நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து, வீட்டு வாசலிலிருந்து தோணா வரை நடந்து பாருங்கள். சென்ற மாரியில் எந்த மதிலில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, எந்த வடிகான் மண் மூடிக் கிடக்கிறது என்று குறியுங்கள். தனியாக நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களை யார் கூட்டிச் செல்வது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கிராம சேவையாளரிடம் கொடுங்கள்.